அவர்களிடமே கேளுங்கள்

மருத்துவர் என் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்: “ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாம்மா?” அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “அதெல்லாம் நல்லாத் தூங்குறாங்க டாக்டர்.” மருத்துவர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவருடைய கேள்விகள் என்னை நோக்கியே வந்தன. பசிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். திரும்பும் வழியில், ஆட்டோவுக்கு வெளியே பார்த்தபடி அம்மா சொன்னார்: “மூணு மாசமா ராத்திரியில கண்ணே மூடலப்பா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அம்மா போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வேளாவேளைக்குச் சோறு போட்டேன், மருந்து வாங்கினேன், நல்ல நாளுக்குச் சேலை எடுத்துக்கொடுத்தேன். ஊரில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அவருடைய உடம்பைப் பற்றி அவரே பேச வேண்டிய இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயை அடைத்தவன் நான். அந்தத் தவற்றை இனித் திருத்திக்கொள்ள எனக்கு வழியில்லை. உங்களில் பலருக்கு இன்னும் வழி இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் அவசரத்தோடு.

முதியவர்களைப் பட்டினி போடுவது பாவம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் தெருவில் விடுவது குற்றம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் வெகுகாலம் முன்பே, நல்ல வீடுகளில், நல்ல பிள்ளைகளின் கையால் ஒன்று பறிபோகிறது. அது அவர்களுடைய சொல். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க.” “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்.” “பெருசு ஏதோ சொல்லுது, விடு.” இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது இந்த மாதம் சொல்லாத வீடு எத்தனை இருக்கும்?

வயதில் மூத்தவரைக் குறிக்கும் சொல் பெருசு. இன்று அது பேருந்தில் இடம் பிடிக்கும் இளைஞன் வாயில் ஏளனமாகிவிட்டது. துணிக்கடை விளம்பரம் முதல் திரைப்படம் வரை, இளமையாகத் தெரிவதே தகுதி என்று காலையிலிருந்து இரவு வரை நமக்குச் சொல்லப்படுகிறது. நரையை மறைப்பது கடமை போலாகிவிட்டது. நாற்பதைக் கடந்தவர் புதிதாக வேலை தேடினால் முகம் சுளிக்கிறார்கள். இப்படி இளமையைத் தொழுகிற ஊரில் முதுமை ஒரு பருவமாகத் தெரியாமல் குறையாகத் தெரிகிறது. குறையுள்ளவரின் பேச்சுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

இது நம் ஊரின் நோய் மட்டுமன்று. வயதைக் காரணம் காட்டி ஒருவரை இழிவாக நடத்துவதற்கு 1969இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் தனியாக ஒரு பெயரே வைத்தார். உலக மக்களில் இருவரில் ஒருவருக்கு இந்த மனப்போக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் வீட்டில் இருக்காது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். இருவரில் ஒருவர் என்றால், சாப்பிட உட்காரும் நால்வரில் இருவர்.

ஆனால் தமிழ் மண்ணின் பழைய மனம் இப்படி இருந்ததில்லை. அறிவுக்கு ஓர் உருவம் கொடுக்க நினைத்தபோது நம் மக்கள் இளங்குமரியை நினைக்கவில்லை. கோலூன்றிய கிழவியை நினைத்தார்கள். சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்பார்கள் அறிஞர்கள். மக்களோ அத்தனை பேரையும் சேர்த்து ஒரே ஔவைப் பாட்டியாக்கி, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பகுதியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கதை உங்களுக்குத் தெரியும். எட்டாத மலைப்பிளவில் பழுத்த, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. அதன் பயனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையை நாம் கொடைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவன் கொடுத்தது எதை என்று யோசித்துப் பாருங்கள். நீண்ட ஆயுள் என்றால் நீண்ட முதுமை. ஒரு பெண்மணி முதிர்ந்து, இன்னும் முதிர்ந்து, பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு மன்னன் விரும்பினான். தன் ஆயுளைவிட அவர் சொல்லின் ஆயுள் பெரிது என்று கருதினான். நாமோ மருத்துவத்தின் துணையால் அந்த நெல்லிக்கனியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்துவிட்டோம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ எட்டியிருக்கிறது. ஆயுளைக் கொடுத்தோம். பேச்சை வாங்கிக்கொண்டோம்.

திருக்கடையூருக்குப் போய்ப் பாருங்கள். நாள்தோறும் அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று பிராகாரம் நிறைந்திருக்கும். மாலை போட்டு, கலச நீர் ஊற்றி, பேரப்பிள்ளைகள் புடைசூழப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மனம் நிறையும் காட்சிதான். ஆனால் விழா எந்தத் தேதியில், எந்த மண்டபத்தில், யாரை அழைப்பது, என்ன சமையல் என்று மணமக்களான அந்த இருவரையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஊருக்குத் திரும்பிய மறுநாள், வீட்டை விற்கும் பேச்சு நடக்கும்போது அவர்களைக் கூடத்தில் உட்காரச் சொன்னீர்களா, அறைக்குள் போய்ப் படுக்கச் சொன்னீர்களா? மாலைக்கு ஒரு நாள்தான் ஆயுள். மரியாதை என்பது மறுநாள் தொடங்குவது.

“வயசானா மூளை மழுங்கிடும், அவங்க சொல்றதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?” என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் குறுந்தொகையைப் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு 1937. அப்போது அவருக்கு 82 வயது. அதன்பிறகுதான், 1940இல், ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942இல் காலமாகும்வரை எழுதினார். ‘இந்த வயதில் இனி என்ன’ என்று அவர் வீட்டார் பேனாவை வாங்கி வைத்திருந்தால், ஒரு நூற்றாண்டுத் தமிழகத்தின் முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது வயது 58. முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களையே அறுவை சிகிச்சைக்குப் பழக்கியவர் அவர். 1976இல், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று நம் ஊர்த் தாத்தாக்களும் பாட்டிகளும் கண்புரை நீங்கிப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்களே, அதில் ஓய்வு பெற்ற ஒரு முதியவரின் பிடிவாதம் இருக்கிறது. தந்தை பெரியார் தம் கடைசிப் பொதுக்கூட்ட உரையைச் சென்னை தியாகராய நகரில் ஆற்றியபோது 94 வயது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கி வேலை செய்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் சாமிநாதையர் ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. எதையும் சாதிக்காத, படுத்த படுக்கையாகக் கிடக்கிற, நேற்று நடந்ததை இன்று மறந்துவிடுகிற மூதாட்டிக்கும் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. பயன்படுகிற வரைதான் மதிப்பு என்றால், அது உழவு மாட்டுக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதையும் நாம் அறிவோம். விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களின் சில ஊர்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் நடந்தவை நாளேடுகளில் வந்தன. ‘பாரம்’ என்ற தமிழ்ப் படம் அதைப் பேசித் தேசிய விருதும் பெற்றது. எழுந்து நடக்க முடியாத முதியவரைச் சொந்தக் குடும்பமே சாவுக்கு அனுப்புவதுதான் தலைக்கூத்தல். வறுமையை அதற்குக் காரணம் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த நாள் திடீரென்று வந்துவிடுவதில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருநாள், அந்த வீட்டில் அவரைக் கேட்காமல் முதல் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். பிறகு இரண்டாவது, பிறகு பத்தாவது. கடைசி முடிவையும் கேட்காமலே எடுத்தார்கள். கேட்காமல் இருக்கப் பழகிய மனம் எதற்கும் துணியும்.

முதியவர்களை வீட்டில் மட்டும்தான் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்பதில்லை. நம் அலுவலகங்களும் கடைகளும் அதைச் செய்கின்றன. எழுபது ஆண்டுகள் நாற்று நட்டு, பாத்திரம் துலக்கி, ரேகை தேய்ந்துபோன விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கிறது. அந்தப் பாட்டி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார், தவறு தன்னுடையது என்பதுபோல. கருவிழியைக் கொண்டு பதிவு செய்யும் வழி இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச்சொல்லிக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். வங்கியில், ‘எல்லாம் போன்லயே பண்ணிக்கலாம் தாத்தா’ என்று திருப்பி அனுப்பும் தம்பியே, தங்கையே, அவர் தம் பணத்தைத் தம் கண்ணால் பார்த்துப் பாஸ்புக்கில் பதித்துக்கொள்ள விரும்புகிறார். ஐந்து நிமிடம் போதும். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பக் கொடுங்கள் என்று முதியவர்கள் மட்டும் மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனுவில் இளைஞர்களின் கையெழுத்தும் விழட்டும்.

இனி, நான் கேட்டுக்கொள்வதைச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது நாற்காலியில் அவரை முன்னே உட்கார வையுங்கள். நீங்கள் பின்னே உட்காருங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். விட்டுப்போனதை மட்டும் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்டால், “அப்பாகிட்டயே கேளுங்க டாக்டர்” என்று பணிவாகச் சொல்லுங்கள்.

காது கேட்கவில்லை என்று கத்தாதீர்கள். வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன. ச, த, ப போன்ற மெய்யொலிகள் குழம்பிப் பேச்சு தெளிவில்லாமல் போகிறது. கத்துவதால் ஒலி கூடுமே தவிரத் தெளிவு கூடாது. உங்கள் முகத்தில் கோபம்தான் தெரியும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி, நிதானமாகப் பேசுங்கள். கேட்டபின் காத்திருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த நேரத்தை நாம் நிரப்பாமல் இருப்பதுதான் மரியாதை.

நினைவு மங்கியவரிடமும் கேளுங்கள். பெரிய கேள்வி அவரைக் கலக்கும். சின்னக் கேள்வி அவரை மீட்கும். “நீலச் சேலையா, பச்சைச் சேலையாம்மா?” “இட்லியா, கஞ்சியாப்பா?” தன் நாளில் ஒன்றையாவது தானே தேர்ந்தெடுத்த மனிதராக அவர் இரவு உறங்கட்டும்.

பிள்ளைகள் முன்னால் அவரை இழிவாகப் பேசாதீர்கள். முதுமையைப் பற்றி நாம் பேசுவது காற்றில் கரைவதில்லை, உடம்புக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. தம் முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள், தாழ்வாக எண்ணியவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது அது. ‘கிழம் எதுக்கும் உதவாது’ என்று கேட்டு வளரும் உங்கள் பிள்ளை, நாளை தன்னைப் பற்றி எதை நம்பும்?

மகன்களுக்குத் தனியாக ஒன்று. தாயைக் கவனிப்பதை மனைவியின் தலையில் சுமத்திவிட்டு, ‘என் அம்மாவுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளாதீர்கள். மலம் அள்ளுவதும், புண்ணுக்கு மருந்திடுவதும், நள்ளிரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதும் உழைப்பு. அந்த உழைப்பில் பெரும்பங்கு இந்த நாட்டில் மருமகள்களும் மகள்களும் செய்வது. அவர்களின் களைப்பையும் கேளுங்கள். களைத்த கை கடுமையாகும். அதற்குக் களைத்தவரை மட்டும் குற்றம் சொல்வது அறமாகாது.

‘எங்கள் வீட்டுப் பெரியவர் கொடுமைக்காரர், சாதி வெறியர், அவர் சொல்லைக் கேட்டுத்தான் என் வாழ்க்கையே பாழானது’ என்று சிலர் சொல்வீர்கள். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. உங்கள் திருமணத்தை, படிப்பை, தொழிலை அவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. அவர் உடம்பு, அவர் பணம், அவர் உறங்கும் இடம், இவற்றை நீங்களும் அவரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குத் திருப்பிச் செய்தால் கொடுமை கைமாறும், தீராது.

மூத்தவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘எல்லாம் பிள்ளைங்க பாத்துப்பாங்க’ என்று உங்கள் சொல்லை நீங்களே ஒப்படைத்துவிடாதீர்கள். வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதென்றால், கடைசிவரை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்க வழி தருகிறது. பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு நீங்களே மனு எழுதலாம். வழக்கறிஞர் இல்லாமல் உங்கள் வாயால் உங்கள் குறையைச் சொல்லலாம். முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம்வரை சிறைத்தண்டனையும் அச்சட்டத்தில் உண்டு. மானம் போகுமே என்று அஞ்சாதீர்கள். அதற்கு நாண வேண்டியவர் கைவிட்டவர். உதவி தேவைப்பட்டால் அழைக்க 14567 என்ற முதியோர் உதவி எண்ணை நினைவில் வையுங்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கேட்கும் நீங்கள், மருமகளின் சொல்லுக்கும் பேத்தியின் சொல்லுக்கும் அதே மதிப்பைக் கொடுங்கள்.

ஏன் இத்தனை அவசரம்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2036 வாக்கில் அது ஐந்தில் ஒருவராகும் என்பது அரசின் கணிப்பு. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது, நல்லது. ஆனால் எத்தனை மருத்துவமனை கட்டினாலும் அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. இன்று முப்பது வயதில் இருப்பவர்களே, நீங்கள் முதியவராகும்போது நடைமுறையில் இருக்கப்போகும் வழக்கத்தை இன்று நீங்கள்தான் ஏற்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு முதியவரிடம் அதிக நாள் இல்லை. அந்த ஆட்டோவில், ‘ஏம்மா தூக்கம் வரல? என்ன நினைப்பு?’ என்று நான் கேட்டிருக்கலாம். வண்டியைத் திருப்பச் சொல்லி மருத்துவரிடம் மறுபடி போயிருக்கலாம். “அடுத்த தடவை சொல்லிக்கலாம்மா” என்றேன். அடுத்த முறை போனபோது அவரால் பேச முடியவில்லை. அந்த மூன்று மாத இரவுகளில் அவர் விழித்துக்கிடந்து என்ன நினைத்தார் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

இன்று இரவு, சாப்பாடு ஆனதும், உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் போய் உட்காருங்கள். அவர் வேறு ஊரில் இருந்தால் தொலைபேசியில் அழையுங்கள். ‘சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை வாய் திறக்காமல் இருங்கள்.